நம் நிரலகத்தில் சாவிப் பரிமாற்றத்துக்கு எந்தச் செயலாக்கத்தை வைப்பது?

தண்டையார்பேட்டைக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ராயபுரத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனம் நடத்துகிறோம். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளில் பொருத்தப்படும் சாதனத்துக்கும் யார்டில் இருக்கும் சர்வருக்கும் இடையே செல்லும் தகவலைக் குறியாக்கம் செய்வதற்கென ஒரு சிறு நிரலகத்தை எழுதிப் பராமரித்து வருகிறோம். சாதனத்தில் ஓடும் பகுதி சி மொழியிலும், சர்வரில் ஓடும் பகுதி கோ மொழியிலும் உள்ளன. இரு முனைகளும் பொதுவான ஓர் இரகசியச் சாவியை உருவாக்கிக்கொள்ளும் சாவிப் பரிமாற்றத்துக்கு, இதுவரை 2048 பிட் பகா எண்ணை வைத்துச் செய்யும் பழைய டிஃபி-ஹெல்மன் முறையைத்தான் பயன்படுத்தினோம். அது சாதனத்தில் மிகவும் மெதுவாக ஓடுகிறது. ஆகவே, அடுத்த பதிப்பில் எக்ஸ்25519, பி-256 (இரண்டும் நீள்வட்ட வளைவுக் கணக்கில் அமைந்தவை), எம்எல்-கெம் (குவாண்டம் கணினியையும் தாங்கும்படி வடிவமைத்த புதிய முறை) ஆகிய மூன்றையும் சேர்த்து, பயன்படுத்துபவரே தேர்ந்தெடுக்கும்படி விட்டுவிடலாம் என்று எண்ணுகிறோம். ஒவ்வொன்றுக்கும் ஐந்தாறு செயலாக்கங்கள், அதாவது பிறர் எழுதிய நிரல்கள், கிடைக்கின்றன. ஒரு நொடிக்கு எத்தனை பரிமாற்றம் என்ற அளவைத் தவிர, வேறு எதை வைத்து இவற்றை ஒப்பிடுவது என்று எங்களுக்குத் தெளிவாகவில்லை. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பெரம்பூர் இரவுப்பணி:

தம்பி, முதலில் ஒரு கேள்வி. இணையத்தில் எல்லோரும் பயன்படுத்தும் குறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ் 1.3 இருக்கும்போது சொந்த நெறிமுறை எதற்கு? அதற்குச் சரியான காரணம் இல்லையென்றால் இந்த இழையையே இங்கே முடித்துவிடலாம்.

காரணம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். வேகத்தை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரு லாரி ஒரு நாளைக்கு எத்தனை முறை யார்டு வாசலில் நிற்கப் போகிறது? எக்ஸ்25519 செயலாக்கங்களில் மிக மெதுவானதுகூட உங்கள் தேவைக்கு மேலாகவே ஓடும். ஒரு செயலாக்கத்தின் தரம், சரியான சாவியைக் கொடுத்தால் அது என்ன செய்கிறது என்பதில் தெரியாது. தவறான சாவியைக் கொடுத்தால் என்ன செய்கிறது என்பதில்தான் தெரியும். நான் எந்தக் குறியாக்க நிரலகத்தைக் கையில் எடுத்தாலும் முதலில் இதைத்தான் சோதிக்கிறேன்.

பி-256ஐ எடுத்துக்கொள்வோம். எதிர்முனை அனுப்பும் பொதுச் சாவி என்பது ஒரு வளைவின் மீதுள்ள புள்ளி. அனுப்பப்பட்ட இரண்டு எண்கள் உண்மையிலேயே அந்த வளைவின் சமன்பாட்டுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்க்காமல் கணக்கைத் தொடங்கிவிடும் செயலாக்கத்திடம், எதிரி வேறொரு பலவீனமான வளைவின் புள்ளிகளை ஒவ்வொன்றாக அனுப்பி, நிலையான தனிச் சாவியைச் சிறு துண்டுகளாகப் பிடுங்கிவிட முடியும். இந்தத் தாக்குதலின் கோட்பாடு 2000ஆம் ஆண்டிலேயே வெளிவந்துவிட்டது. அப்படியிருந்தும், 2015இல் பரவலான பயன்பாட்டில் இருந்த இரண்டு ஜாவா செயலாக்கங்களில் அதே ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. கோ மொழியின் பழைய எலிப்டிக் தொகுப்பு இந்தச் சரிபார்ப்பை அழைப்பவரின் பொறுப்பில் விட்டிருந்தது. 2023 பிப்ரவரியில் 1.20 பதிப்போடு வந்த ஈசிடிஎச் தொகுப்பில், வளைவில் இல்லாத புள்ளியிலிருந்து பொதுச் சாவியை உருவாக்கவே முடியாது. இரண்டும் ஒரே மொழியின் அடிப்படை நூலகத்தில்தான் இருக்கின்றன. ஆனால் முதலாவதை வைத்துத் தவறு செய்யலாம், இரண்டாவதை வைத்து அந்தத் தவறைச் செய்ய வழியே இல்லை. உங்கள் சர்வர் பகுதிக்கு வேறு எதையும் தேட வேண்டாம்.

எக்ஸ்25519 இந்த விஷயத்தில் இயல்பாகவே பாதுகாப்பானது. எந்த 32 பைட்டைக் கொடுத்தாலும் கணக்கு நடக்கும். வளைவும், அதில் அமையாத எண்கள் போய் விழும் துணை வளைவான அதன் இரட்டையும் சேர்ந்தே வலுவாக அமையும்படிதான் அது வடிவமைக்கப்பட்டது. ஆனாலும் ஒரு மூலை மிச்சம் இருக்கிறது. சில குறிப்பிட்ட பொதுச் சாவிகளை அனுப்பினால், உங்கள் தனிச் சாவி எதுவாக இருந்தாலும் விடை முழுவதும் சுழியமாகவே வரும். 2016இல் வந்த இணைய நெறிமுறை ஆவணமான ஆர்எஃப்சி 7748 அதைச் சரிபார்க்கலாம் என்று மட்டும் சொல்கிறது, டிஎல்எஸ் 1.3இன் ஆர்எஃப்சி 8446 சரிபார்த்தே ஆக வேண்டும் என்கிறது. சி மொழிக் குறியாக்க நிரலகமான லிப்சோடியம் அந்த நிலையில் பிழை என்பதற்கு -1ஐத் திருப்பித் தருகிறது. அதை நீங்கள் கவனிக்கிறீர்களா என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது.

திருவொற்றியூர் அலை:

பெரம்பூர் அண்ணன் சொன்னதோடு என் அனுபவம் ஒன்றையும் சேர்க்க விரும்புகிறேன். நீங்கள் பழைய முறையை இன்னும் சில மாதங்கள் ஓட்டப்போகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு நேரடியாகப் பயன்படும்.

நான் முன்பு வேலை செய்த இடத்திலும் லாரிகளை வாசலில் பதிவு செய்யும் அமைப்பு ஒன்று இருந்தது. பெரும்பாலான லாரிகள் சிக்கலின்றி உள்ளே போகும். எப்போதாவது ஒன்று மட்டும் இணைப்புக் கிடைக்காமல் நிற்கும். ஓட்டுநர் மறுபடி பொத்தானை அழுத்தினால் உடனே இணைந்துவிடும். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசை நீளும்போதெல்லாம் சிக்னல் சரியில்லை என்று சொல்லிச் சொல்லி, கோபுரத்தையும் ஆன்டெனாவையும் மாற்றிப் பார்த்தார்கள். நான் பதிவேடுகளை எடுத்து எண்ணிப் பார்த்தபோது, தோல்விகளின் விகிதம் ஏறக்குறைய 256இல் ஒன்று என்று வந்தது. அந்த எண்ணைப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது. 256 என்பது ஒரு பைட்டின் எண்ணிக்கை. சிக்னலுக்கும் அதற்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்?

காரணம் இதுதான். டிஃபி-ஹெல்மன் கணக்கின் விடை ஒரு பெரிய எண். 256 முறையில் ஒரு முறை அதன் முதல் பைட் சுழியமாக அமைந்துவிடும். சர்வரில் இருந்த செயலாக்கம் 256 பைட் நீளத்தை அப்படியே வைத்துக்கொண்டது. சாதனத்தில் இருந்ததோ முன்னால் நிற்கும் சுழியத்தை வெட்டிவிட்டு 255 பைட்டைத் தந்தது. இரண்டு முனைகளும் ஒரே எண்ணைத்தான் கண்டுபிடித்தன. ஆனால் அதிலிருந்து எடுத்த சாவிகள் வெவ்வேறாக இருந்தன. மறுபடி அழுத்தினால் புதிய சாவிகள் பிறப்பதால் சிக்கல் மறைந்துவிடும். இரண்டு செயலாக்கங்களையும் தனித்தனியே சோதித்தால் இரண்டுமே சரி என்றுதான் வரும்.

இது வெறும் இணைப்புச் சிக்கல் அல்ல என்பதும் பிறகுதான் எனக்குப் புரிந்தது. டிஎல்எஸ் 1.2இல் சுழியத்தை வெட்டுவதே விதியாக இருந்தது. வெட்டப்பட்ட நீளத்தைப் பொறுத்து அடுத்த கணக்கு எடுத்துக்கொள்ளும் நேரம் மாறுவதை அளந்தே தாக்கலாம் என்று 2020இல் ரக்கூன் என்ற பெயரில் ஆய்வு வெளிவந்தது. டிஎல்எஸ் 1.3 நீளத்தை நிலையாக வைத்துவிட்டது. எக்ஸ்25519இல் விடை எப்போதும் 32 பைட் என்பதால் இந்தக் கேள்வியே எழாது. வேகத்தைவிட இந்த ஒரு காரணத்துக்காகவே பழைய முறையை விட்டுவிடலாம் என்பேன்.

தண்டையார்பேட்டைக்காரன்:

நன்றி அண்ணா, நன்றி அலை. எங்கள் பதிவேட்டிலும் இணையாமல் போன முயற்சிகளை எண்ணிப் பார்க்கப்போகிறேன்.

டிஎல்எஸ் வேண்டாம் என்றதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன். சாதனம் பெரும்பாலான நேரம் உறங்கிக்கொண்டே இருக்கும். விழித்ததும் ஒரே ஒரு யுடிபி பொதியை அனுப்பிவிட்டு மீண்டும் உறங்க வேண்டும். இரண்டு மூன்று முறை போய் வருவதற்கு மின்கலம் தாங்காது.

இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சில வாடிக்கையாளர்கள் அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட்டின் பட்டியலில் உள்ள முறைதான் வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் எழுதிவிடுகிறார்கள். அப்படியானால் பி-256ஐ விட முடியாது அல்லவா? அடுத்து, ஒரு லாரி எங்கே நிற்கிறது என்ற தகவலுக்குக் குவாண்டம் கணினியை எண்ணி அஞ்ச வேண்டுமா?

வியாசர்பாடி வன்பொருள்:

நான் சாதனங்களுக்கு நிரல் எழுதுபவன். இரண்டாவது கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்: சாதனத்தில் எம்எல்-கெம் இப்போது வேண்டாம்.

அளவைப் பாருங்கள். எக்ஸ்25519 பொதுச் சாவி 32 பைட்தான். எம்எல்-கெம்-768இன் பொதுச் சாவியோ 1184 பைட். இரண்டையும் சேர்த்து அனுப்பும் கலப்பு முறையில் 1216 பைட் ஆகிறது. ஐபிவி6 எந்த வலையமைப்பிலும் உறுதியாகக் கடத்தும் பொதியின் அளவு 1280 பைட். அதில் தலைப்புகளுக்கு 48 போனால் கையில் இருப்பது 1232. ஆக, சாதன எண், பொதியின் வரிசை எண், செய்தி மாறவில்லை எனக் காட்டும் முத்திரை ஆகிய எல்லாவற்றுக்கும் சேர்த்து மிஞ்சுவது 16 பைட்தான்! பொதியை இரண்டாக உடைத்தால், ஒன்று வந்து ஒன்று வராமல் போகும் நிலையைக் கையாள வேண்டும். பெரிய இணைய உலாவிகள் இதே கலப்பு முறைக்கு மாறியபோதும், முதல் செய்தி ஒரே பொதியில் அடங்காததால் இடையில் இருந்த சில பழைய கருவிகள் இணைப்பைத் துண்டித்தன. ஒரு வாரத்தில் மதிப்பிழந்துவிடும் லாரி இருப்பிடத்துக்காக இவ்வளவு பாடு எதற்கு?

பெரம்பூர் இரவுப்பணி:

வியாசர்பாடி நண்பர் சொல்லும் எண்கள் எல்லாம் சரி. முடிவோடுதான் நான் உடன்படவில்லை.

லாரியின் இருப்பிடம் ஒரு வாரத்தில் பழையதாகிவிடும். ஆனால் அதே வழியில் சாதனத்துக்கு அடுத்த ஆண்டுக்கான அடையாளச் சாவியும், சரக்குதாரரின் ஆவணங்களும் போகுமா போகாதா? இன்று பதிவு செய்து வைத்துக்கொண்டு பின்னாளில் திறக்கலாம் என்று காத்திருப்பவருக்கு அவைதான் வேண்டும். லாரியில் பொருத்திய பெட்டியைப் பத்து ஆண்டுகளுக்கு யாரும் கழற்றப்போவதில்லை. அதோடு இது பரிசோதனை நிலையில் இருக்கும் பொருளும் அல்ல. 2024 ஆகஸ்ட் 13 அன்று எஃப்ஐபிஎஸ் 203 என்ற அமெரிக்க அரசுத் தரமாக எம்எல்-கெம் வெளிவந்தது. 2025 பிப்ரவரியில் கோ 1.24இன் அடிப்படை நூலகத்திலும், அதே ஆண்டு ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தின் 3.5 பதிப்பிலும் அது வந்துவிட்டது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழையப் பயன்படும் ஓப்பன்எஸ்எஸ்எச் 10.0 எம்எல்-கெம்மும் எக்ஸ்25519உம் சேர்ந்த கலப்பு முறையையே இயல்பான தேர்வாக வைத்திருக்கிறது.

அளவுச் சிக்கலுக்கு ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன் இடைமுகத்தின் வடிவத்தைப் பற்றிப் பேச வேண்டும். இந்தத் தேர்வில் மிக முக்கியமான முடிவு அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

டிஃபி-ஹெல்மனில் இருவரும் ஒரே நேரத்தில் தத்தம் பொதுச் சாவியை அனுப்பலாம். யார் முதல் என்பது இல்லை. எம்எல்-கெம் அப்படிப்பட்டதன்று. ஒருவர் பொதுச் சாவியைத் தர வேண்டும். மற்றவர் அதை வைத்து ஓர் இரகசியத்தை உருவாக்கி, உறையில் இட்டு அனுப்ப வேண்டும். முதலாமவர் உறையைப் பிரிக்க வேண்டும். 'என் தனிச் சாவி, உன் பொதுச் சாவி, விடை' என்ற பழைய செயற்கூறுக்குள் இதை அடக்க முடியாது. ஜாவாவில் பல ஆண்டுகளாக இருந்த சாவி உடன்பாட்டு இடைமுகம் போதாமல், 21ஆம் பதிப்பில் கெம் என்று தனி இடைமுகமே சேர்க்க வேண்டியதாயிற்று. மறுதிசையில் சிக்கல் இல்லை: எக்ஸ்25519ஐ உறை வடிவத்தில் கட்டலாம்; 2022இல் வந்த ஆர்எஃப்சி 9180 அதைத்தான் செய்கிறது. எனவே உங்கள் நிரலகம் வெளியே காட்டுவது 'சாவி உருவாக்கு, உறையிடு, உறை பிரி' என்ற மூன்று செயற்கூறுகளாக மட்டும் இருக்கட்டும். பகிர் இரகசியத்தை மூல வடிவில் வெளியே கொடுக்கவே வேண்டாம். சாவி வடிக்கும் முறையான எச்கேடிஎஃப் வழியாக, இரு தரப்புப் பொதுச் சாவிகளையும் சேர்த்துக் கலந்து, முடிந்த சாவியாகக் கொடுங்கள். அப்போது அழைப்பவர் மூல விடையை நேரடியாகக் குறியாக்கச் சாவியாக வைத்துவிடும் தவறுக்கு இடமிருக்காது.

இப்போது அளவுக்கு வருகிறேன். உறையின் அளவு பொதுச் சாவியின் அளவைவிடச் சிறியது: 1088 பைட். எக்ஸ்25519ஐயும் சேர்த்தால் 1120. பொதுச் சாவியைச் சாதனம் அனுப்புவதற்குப் பதிலாக, சர்வரின் சாவியைச் சாதனம் முன்பே வைத்திருந்து, உறையை மட்டும் அனுப்பினால் 112 பைட் மிஞ்சுகிறது. லாரி யார்டுக்குள் நிற்கும் நேரத்தில் அங்குள்ள வைஃபை மூலம் அந்த வாரத்துச் சர்வர் சாவியை, கையெழுத்தைச் சரிபார்த்து, இறக்கிக்கொள்ளட்டும். வாரம் முடிந்ததும் சர்வர் தன் பழைய தனிச் சாவியை அழித்துவிட வேண்டும். அழிக்காவிட்டால், பின்னாளில் சாவி களவுபோனாலும் பழைய செய்திகளைத் திறக்க முடியாது என்ற முன்னோக்கிய பாதுகாப்பே இல்லாமல் போய்விடும். இதில் சோம்பல் கூடாது.

நிஸ்ட் பட்டியல் பற்றி: சாவி நிறுவலுக்கான அவர்களின் 800-56ஏ ஆவணத்தின் மூன்றாம் திருத்தத்தில் பி-256 இருக்கிறது, எக்ஸ்25519 இல்லை. ஆனால் எம்எல்-கெம் அவர்களுடைய தரமே. அங்கீகரிக்கப்பட்ட இரகசியத்தோடு வேறொன்றைச் சேர்த்துக் கலப்பதை 800-56சி அனுமதிக்கிறது. இங்கே ஒரு பொறி உண்டு. டிஎல்எஸ்ஸில் இந்தக் கலப்பின் பெயர் எக்ஸ்25519எம்எல்கெம்768; ஆனால் பைட்டுகளை அடுக்கும்போது எம்எல்-கெம்தான் முதலில் வரும், அங்கீகரிக்கப்பட்டது முன்னே நிற்க வேண்டும் என்பதற்காக. பி-256ஐக் கொண்ட கலப்பிலோ பி-256 முதலில் வரும். பெயரைப் பார்த்து எழுதியவர்கள் வரிசையைத் தவறாக எழுதுவார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய வண்ணை ஆசிரியை:

நல்ல உரையாடல். கல்லூரியில் இந்தப் பாடத்தை நடத்துபவள் என்ற முறையில், மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் இரண்டு இடங்களைச் சொல்கிறேன்.

மாட்டுச் சந்தையில் இருவர் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றி எத்தனை பேர் நின்றாலும் விலை அந்த இருவருக்கு மட்டுமே தெரியும். சாவிப் பரிமாற்றம் தருவது இந்த அளவுக்கான மறைவைத்தான். ஆனால் துண்டுக்கடியில் நீங்கள் பிடித்திருப்பது மாட்டுக்காரரின் கையா, தரகரின் கையா என்பதை விரல் சொல்லாது. தரகர் இரு பக்கமும் ஒவ்வொரு துண்டைப் போட்டு இருவரிடமும் தனித்தனி விலை பேசிவிட முடியும். எக்ஸ்25519 ஆனாலும் எம்எல்-கெம் ஆனாலும் இதுவே நிலை. சர்வர் சாவியின் கையெழுத்தைச் சரிபார்ப்பதும், சாதனம் தன்னை நிரூபிப்பதும் நிரலகத்துக்குள்ளேயே கட்டாயமாக இருக்க வேண்டும். அழைப்பவர் விரும்பினால் செய்யலாம் என்று விடக் கூடாது.

இரண்டாவது, எம்எல்-கெம்மின் உறை வழியில் சிதைந்து வந்தால், பிரிக்கும் செயற்கூறு பிழை என்று சொல்லாது. எதிரி பிழைச் செய்தியிலிருந்து எதையும் அறிந்துவிடக் கூடாது என்பதற்காக, தொடர்பில்லாத ஒரு 32 பைட்டை அமைதியாகத் திருப்பித் தரும். அது குறையன்று, வடிவமைப்பே அப்படித்தான். அடுத்த படியில் முத்திரையைச் சரிபார்க்கும்போதுதான் பொருந்தாமை தெரியும். இதை அறியாதவர்கள் சாதனம் பழுது என்று எழுதிவிடுவார்கள்.

சொந்தமாக எழுதிப் பார்க்கலாமே என்ற எண்ணம் உங்களில் யாருக்கேனும் இருந்தால் அதையும் கைவிடுமாறு அன்போடு கேட்டுக்கொள்கிறேன். எம்எல்-கெம்மின் முந்தைய வடிவமான கைபரில் 2023 டிசம்பரில் கைபர்ஸ்லாஷ் என்ற பெயரில் வெளிவந்த ஓட்டை, ஒரே ஒரு வகுத்தல் கணக்கால் விளைந்தது. வகுபடும் எண்ணைப் பொறுத்துச் சில செயலிகள் எடுத்துக்கொள்ளும் நேரம் மாறும். அந்த எண் இரகசியமாக இருந்தது. தேர்ந்தவர்கள் எழுதிய மாதிரி நிரலிலேயே அது இருந்தது. அடுத்த ஆண்டில், இரகசியத்தைப் பொறுத்து ஓடும் வழி பிரியாதபடி, கிளையின்றிக் கவனமாக எழுதப்பட்ட வரிகளை கிளாங் கம்பைலர் தானாகவே கிளையாக மாற்றிவிட்டதும் தெரியவந்தது. எழுதியவர் மேல் குற்றமில்லை. எழுதியது ஒன்று, ஓடியது ஒன்று. ஆகவே சி மொழிப் பகுதிக்கு, நினைவகப் பாதுகாப்பு கணித முறையில் மெய்ப்பிக்கப்பட்ட எம்எல்கெம்-நேட்டிவ் போன்ற ஒன்றை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள்.

கலப்பு ஏன் வேண்டும் என்பதற்கு 2022இல், குவாண்டத்தையும் தாங்கும் என்று கருதப்பட்ட சைக் என்ற முறைக்கு நேர்ந்ததை மட்டும் சொல்கிறேன். நிஸ்ட் போட்டியின் நான்காம் சுற்று வரை வந்த அதை, காஸ்ட்ரிக், டெக்ரூ என்ற இருவர் சாதாரணக் கணினியின் ஒற்றைக் கருவில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் உடைத்தார்கள். குவாண்டம் கணினி எதுவும் தேவைப்படவில்லை. புதியதன் மேல் முழுப் பாரத்தையும் ஏற்றாமல், எக்ஸ்25519ஐயும் பக்கத்தில் நிறுத்திக்கொள்வதே விவேகம்.

வியாசர்பாடி வன்பொருள்:

உறையைச் சாதனம் அனுப்பும் ஏற்பாடு என் எதிர்ப்பில் பாதியைத் தீர்த்துவிட்டது. 1120 பைட் என்றால் ஒரே பொதியில் போகும். மீதிப் பாதி நினைவகம். 768க்குப் பதிலாக 512ஐ எடுத்தால் உறை 768 பைட்தான் என்று கேட்க நினைத்தேன்; ஆனால் நிஸ்ட்டே 768ஐ இயல்பான தேர்வாகப் பரிந்துரைப்பதால், இடம் இருக்கும்போது அதைக் குறைக்கச் சொல்ல மாட்டேன். சாதனத்தில் சாவிப் பரிமாற்றத்துக்கான தனிச் சாவி எதையும் நிரந்தரமாகச் சேமிக்க வேண்டியதில்லை என்பது இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த அம்சம்.

ஒரே ஒரு நிபந்தனை: விழித்தவுடன் சாதனம் உருவாக்கும் ரேண்டம் எண்களைச் சோதித்துவிட்டு மேலே செல்லுங்கள். மின்சாரம் வந்த முதல் நொடியில் பல சாதனங்களில் அது சரியாகச் சூடேறியிருக்காது. இரண்டு லாரிகள் ஒரே எண்ணை எடுத்தால் மேலே பேசிய அத்தனையும் வீண்.

தண்டையார்பேட்டைக்காரன்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்றிரவு நால்வரும் உட்கார்ந்து முடிவு செய்ததை எழுதுகிறேன். மூன்று முறைகளையும் கொடுத்துப் பயன்படுத்துபவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் எண்ணத்தைக் கைவிட்டோம். கலப்பு முறை ஒன்று மட்டுமே இயல்பாக இருக்கும். ஒப்பந்தப்புள்ளிக்காக பி-256 கேட்பவர்களுக்கு அதை எம்எல்-கெம்மோடு சேர்த்த வேறொரு கட்டமைப்பாகத் தருவோம்; ஓடும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற முடியாது. சர்வரில் கோவின் அடிப்படை நூலகம், சாதனத்தில் லிப்சோடியமும் எம்எல்கெம்-நேட்டிவும். பழைய முறை ஆறு மாதத்தில் நீக்கப்படும்.

அண்ணன் சொன்னதைக் கேட்டு, தவறான சாவிகளை வைத்துச் சோதிக்க வைச்ப்ரூஃப் சோதனைத் தொகுப்பை எடுத்து, எக்ஸ்25519க்கு என நாங்கள் முன்பே எழுதி வைத்திருந்த செயற்கூறின் மேல் ஓட்டினோம். லிப்சோடியம் சுழிய விடைக்கு -1 தந்தது. நாங்கள் எழுதிய செயற்கூறு அதைப் பார்க்காமலேயே 32 சுழியங்களை எடுத்துக்கொண்டு சாவி செய்து, வெற்றி என்று திருப்பித் தந்தது. அந்த வரியை எழுதியவன் நான்தான். இன்று காலை திருத்திவிட்டேன். பதிவேட்டில் தோல்விகளை எண்ணும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. விகிதம் 256இல் ஒன்றா என்பதைப் பார்த்ததும் இங்கேயே எழுதுகிறேன்.